ஜித்தாவின் காட்டாறுகள்: மழை குறைந்த ஊரில் ஏன் வெள்ளம்?

ஜித்தாவில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் சராசரியாக 50 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நம் சென்னையில் ஆண்டுக்கு சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. அப்படிப்பட்ட ஜித்தாவில் 2009 நவம்பர் 25ஆம் தேதி நான்கு மணி நேரத்தில் 90 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்று ஹிஜ்ரி 1430, துல்ஹஜ் பிறை 8. ஹாஜிகள் மினாவுக்குப் புறப்படும் நாள். அன்றைய வெள்ளத்தில் 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஆயிரக்கணக்கான வாகனங்கள் நாசமாயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் அல்லர். ஜித்தாவிலேயே குடியிருந்தவர்கள், அதிலும் நகரின் தென்கிழக்கில் வாடகை குறைவான பகுதிகளில் வாழ்ந்தவர்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் குடும்பத்துடன் தங்குவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பகுதிகளில்தான். ஆகவே இந்த வெள்ளம் எப்படி வருகிறது, எந்த வழியாக வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது வீடு பார்க்கும்போதே உதவும்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

ஜித்தாவுக்கு மேற்கே செங்கடல், கிழக்கே ஹிஜாஸ் மலைத்தொடர். இரண்டுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய சமவெளியில் நகரம் அமைந்திருக்கிறது. மலையில் விழும் மழை கடலுக்குப் போக வேண்டுமானால் இந்தச் சமவெளியைக் கடந்துதான் ஆக வேண்டும். அது போகும் பாதைகளைத்தான் அரபியில் 'வாதி' என்கிறார்கள். தமிழில் காட்டாறு என்று சொல்லலாம். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலும் கூழாங்கல்லுமாய்க் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்து யாரும் ஆறு என்று நினைக்க மாட்டார்கள். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

பழைய ஜித்தா, அதாவது இன்றைய பலத் பகுதி, கடலோரத்தில் மதில் சூழ்ந்த சிறிய ஊராக இருந்தது. 1947இல் மதில் இடிக்கப்பட்டது. அப்போது அங்கே இருந்த மக்கள் சில பத்தாயிரம் பேர்தான். இன்று ஜித்தாவின் மக்கள்தொகை 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்ணெய்ப் பணம் வந்த பிறகு நகரம் வடக்கேயும் கிழக்கேயும் வேகமாகப் பரவி மலையடிவாரம் வரை போனது. வழியில் இருந்த காட்டாற்றுப் படுகைகள் மனைகளாகப் பிரிக்கப்பட்டன. சில இடங்களில் அனுமதியோடு, சில இடங்களில் அனுமதி இல்லாமல். படுகையில் வீடு, படுகையின் குறுக்கே சாலை, சாலைக்கு அடியில் போதிய கல்வெர்ட் இல்லை. பத்து வருடம் பெரிய மழை இல்லாவிட்டால் அந்த இடம் ஓடை என்பதையே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மணல் பூமிதானே, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்கலாம். மணற்குன்றுகள் உறிஞ்சும். ஆனால் ஹிஜாஸ் மலைகள் மொட்டைப் பாறை. செடிகொடி இல்லை, சரிவு அதிகம். அடிவாரத்து மண்ணும் வெயிலில் இறுகி ஓடு போல ஆகியிருக்கும். மழை விழுந்த வேகத்தில் அப்படியே வழிந்து ஓடும். ஜித்தாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2009இல் நகரத்தின் பெரும்பகுதிக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதன் கசிவால் நிலத்தடி நீர்மட்டம் பல பகுதிகளில் மேலே வந்துவிட்டது. தரைக்குள் இறங்க இடமில்லாத தண்ணீர் தெருவில்தானே நிற்கும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 90 மி.மீ. மழை பெய்தால் அது 9 கோடி லிட்டர். அதில் பாதி மட்டும் வழிந்து ஓடினாலும் நாலரைக் கோடி லிட்டர். 20,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகளில் நிரப்பினால் 2,250 லாரிகள் வேண்டும். இது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு. ஒரு வாதிக்கு நீர் கொண்டுவரும் மலைப்பரப்பு இதைப்போலப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு இருக்கும். அவ்வளவும் சில மணி நேரத்தில் ஒரே வாய் வழியாக ஊருக்குள் நுழைகிறது. தண்ணீர் மட்டுமல்ல, மண், கல், வழியில் நின்ற கார்கள் எல்லாம் சேர்ந்துதான் வரும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதும் வெள்ளம் வரலாம். மழை பெய்தது முப்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் அல்லவா?

குவைஸாவில் நடந்தது

2009இல் அதிகம் அடிபட்ட பகுதி குவைஸா. வாதி கவ்ஸ் என்ற காட்டாற்றின் பாதையில் வளர்ந்த குடியிருப்பு அது. விடுமுறை நாள் என்பதால் பலர் வீட்டில் இருந்தார்கள். தெருக்களே ஆறாகி, கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஹரமைன் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த வாகனங்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. சுரங்கப்பாதைகள் நிரம்பின. சேற்றுக்குள் உடல்களைத் தேடும் வேலை பல நாட்கள் நீடித்தது.

அன்று பாகிஸ்தானின் ஸ்வாத் பகுதியைச் சேர்ந்த ஃபர்மான் அலி கான் என்ற தொழிலாளி, கயிற்றைக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கி 14 பேரைக் கரையேற்றினார். அடுத்தவரைக் காப்பாற்றப் போனபோது அவரே அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். சவூதி அரசு அவருக்கு மன்னர் அப்துல் அஜீஸ் பதக்கம் வழங்கியது. ஜித்தாவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பிழைக்க வந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்காக உயிரைக் கொடுத்தவர் அவர். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கும் சொல்லலாம்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஜித்தா மக்களுக்கு ஒரு பயம் இருந்தது. நகருக்குக் கிழக்கே, உயரமான இடத்தில், 'புஹைரத்துல் மிஸ்க்' என்றொரு ஏரி. பெயருக்குக் கஸ்தூரி ஏரி என்று பொருள். நூற்றுக்கணக்கான டேங்கர் லாரிகள் நாள்தோறும் நகரின் கழிவுநீரைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அது. வேடிக்கையாகத்தான் அந்தப் பெயர் வைத்திருப்பார்கள் போலும். அதன் கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைய பேச்சு. நல்லவேளை, கரை தாங்கியது. 2010இல் அந்த ஏரி வற்றவைக்கப்பட்டது.

மன்னர் அப்துல்லாஹ் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரியால் வழங்க உத்தரவிட்டார். மக்கா மாகாண ஆளுநர் இளவரசர் காலித் அல் ஃபைசல் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைத்தார். இதைவிட அதிகமாக மழை பெய்யும் நாடுகளில், அதுவும் வசதி குறைந்த நாடுகளில், இத்தனை பேர் சாவதில்லையே என்ற கருத்தில் அவர் வெளியிட்ட அறிக்கை அந்நாட்டில் வழக்கமில்லாத வெளிப்படையான பேச்சு. பிறகு பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. இலஞ்சம் வாங்கியதற்காகவும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகவும் அதிகாரிகளும் தொழிலதிபர்களும் சிறைத் தண்டனை பெற்றனர். வானத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போகவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, 2011 ஜனவரி 26 அன்று மறுபடியும் வெள்ளம். மூன்று மணி நேரத்தில் 110 மி.மீ. அளவுக்கு மழை. இம்முறை உம்முல் கைர் பகுதியில் இருந்த மண் அணை உடைந்து, அதன் கீழே இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தனர்.

என்ன செய்தார்கள், எது வரை பலிக்கும்?

தெருவோரச் சாக்கடையைப் பெரிதாக்கினால் மட்டும் இந்த வெள்ளத்தைச் சமாளிக்க முடியாது. தெருவில் விழும் மழைக்குத்தான் தெருச் சாக்கடை. மலையிலிருந்து வரும் தண்ணீரை ஊருக்குள் நுழையும் முன்பே பிடித்து நிறுத்த வேண்டும், அல்லது தனி வழி கொடுத்துக் கடலுக்கு அனுப்ப வேண்டும். 2011க்குப் பிறகு இந்தப் பணி அராம்கோ நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டது. மலையடிவாரத்தில் அணைகள் கட்டப்பட்டன. ஏற்கெனவே இருந்த வெள்ள வாய்க்கால்கள் அகலப்படுத்தப்பட்டன, நீட்டப்பட்டன. இந்த அணைகள் நம் ஊர் அணைகளைப் போலத் தண்ணீரைச் சேமிப்பதற்கு அல்ல. வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி மெதுவாக வெளியே விடுவதற்கு. மற்ற நாட்களில் காலியாகவே கிடக்கும், காலியாகத்தான் கிடக்க வேண்டும். அதில் குப்பை கொட்டினாலும், வண்டல் அள்ளாமல் விட்டாலும் மழை நாளில் கொள்ளளவு இருக்காது.

2015, 2017ஆம் ஆண்டுகளின் நவம்பர் மழையிலும் ஜித்தாவின் சாலைகள் மூழ்கின. உண்மையான சோதனை 2022 நவம்பர் 24 அன்று வந்தது. தென் ஜித்தாவில் காலை 8 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே 179 மி.மீ. பதிவானது. 2009இல் பெய்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், மக்கா நெடுஞ்சாலையைச் சற்று நேரம் மூடினார்கள், விமானங்கள் தாமதமாயின. இறந்தவர்கள் இருவர். அந்த இரண்டு உயிரும் பெரிதுதான். ஆனால் 120ஐயும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் செய்த வேலை வீண்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அணைக்கும் வாய்க்காலுக்கும் இதில் பங்குண்டு. அன்று காலையில் பிள்ளைகளும் பள்ளி வேன்களும் தெருவில் இல்லாமல் இருந்ததற்கும் பங்குண்டு.

அதற்காக இனிப் பயமில்லை என்று இருந்துவிட முடியாது. எந்த வாய்க்காலும் ஏதோ ஓர் அளவு மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டப்படுவதுதான். பொறியாளர்கள் 'நூறாண்டு வெள்ளம்' என்று சொல்வார்கள். நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று நாம் புரிந்துகொள்கிறோம். அது தவறு. ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் 30 வருடம் குடியிருந்தால் அதைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. போதாததற்கு, பாலைவனத்தில் மழைக் கணக்கு எடுக்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. 2009, 2011, 2022 என்று 13 வருடத்துக்குள் மூன்று பெருமழை பார்த்த ஊரில் பழைய கணக்கை எந்த அளவு நம்புவது?

அணை இருக்கிறது என்ற தைரியமே சில நேரம் ஆளைக் கொல்லும். 2023 செப்டம்பரில் லிபியாவின் தெர்னா நகரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 1970களில் கட்டப்பட்ட இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்தன. வாதி தெர்னாவின் இரு கரையிலும் இருந்த குடியிருப்புகள் கடலுக்குள் போயின. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதுவும் வறண்டு கிடந்த ஒரு காட்டாறுதான்.

மக்காவின் பழைய பாடமும் ரியாத்தின் புதிய பாதையும்

ஹிஜாஸ் மக்களுக்கு இந்த வெள்ளம் புதிதல்ல. மஸ்ஜிதுல் ஹராம் அமைந்திருப்பதே ஒரு பள்ளத்தாக்கின் தாழ்வான இடத்தில். நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயது இருக்கும்போது குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டியதற்கு வெள்ளச் சேதமும் ஒரு காரணம். ஹிஜ்ரி 17இல் 'உம்மு நஹ்ஷல்' என்று பெயர் பெற்ற வெள்ளம் மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்துவிட்டது. கலீஃபா உமர் (ரலி) மதீனாவிலிருந்து வந்து, பழைய இடம் எதுவென்று விசாரித்து உறுதிசெய்து அதை மீண்டும் வைத்தார்கள். அத்தோடு திரும்பிவிடவில்லை. மக்காவின் மேல்பகுதியில் வெள்ளத்தைத் திருப்பிவிட ஒரு தடுப்பணையும் கட்டச் செய்தார்கள் என்று மக்கா வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஊருக்கு மேலே வைத்தே தண்ணீரைத் திருப்பு என்பதைத்தான் இன்றைய பொறியாளர்களும் செய்கிறார்கள். ஹிஜ்ரி 1039இல், கி.பி. 1630இல், வந்த வெள்ளத்தில் கஅபாவின் சுவர்கள் இடிந்து, உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டது. 1941இல் மத்தாஃபில் நீந்துபவரின் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

ரியாத் வேறொரு வழியில் போனது. அந்நகரை ஒட்டி 120 கி.மீ. நீளத்துக்கு ஓடும் வாதி ஹனீஃபா ஒரு காலத்தில் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. ரியாத் வளர்ச்சி ஆணையம் இடிபாடுகளை அள்ளி, படுகையைச் சரிசெய்து, வெள்ளம் போகத் தடையில்லாத பாதையாக அதை மீட்டது. மழை இல்லாத நாட்களில் குடும்பங்கள் போய் உட்காரும் பூங்காவாகவும் ஆக்கியது. 2010இல் அந்தத் திட்டத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கட்டடம் கட்டாமல் விட்டதற்குக் கட்டடக்கலை விருதா என்று சிரிக்கத் தோன்றலாம். எனக்கு அது மிகச் சரியான தேர்வாகவே படுகிறது. காட்டாற்றின் மேல் மனை போட்டுவிட்டுப் பிறகு அணை கட்டுவதைவிட, அதன் இடத்தை அதற்கே விட்டுவைப்பது செலவும் குறைவு, உயிருக்கும் பாதுகாப்பு.

துபையின் கதை இதிலிருந்து சற்று மாறுபட்டது. 2024 ஏப்ரல் 16 அன்று துபை விமான நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 142 மி.மீ. பெய்தது. அங்கே ஆண்டுச் சராசரியே 95 மி.மீ. தான். துபை நகரத்தின் மேல் ஜித்தாவைப் போல மலை இல்லை. சமதளத்தில் வடிய வழியில்லாமல் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கியதுதான் அங்கே பிரச்சினை. செயற்கை மழையால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியை அந்நாட்டு வானிலை மையம் மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு 30 பில்லியன் திர்ஹம் செலவில் 'தஸ்ரீஃப்' என்ற மழைநீர் வடிகால் திட்டத்தை துபை அரசு அறிவித்தது. அமீரகத்திலும் ஓமானிலும் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஜித்தாவின் அபாயம் அப்படியே பொருந்தும்.

வீடு பார்க்கும்போதும் மழை வரும்போதும்

ஜித்தாவில் மழைக்காலம் என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரைதான். அதனால் வெயில் காலத்தில் வீடு பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. முதலில் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கிழக்கே மலைப்பக்கம் பாருங்கள். மணல் நிறத்தில் நரம்பு போல இறங்கி வரும் கோடுகள்தாம் வாதிகள். அவை எந்தத் தெருவில் போய் முடிகின்றன என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். தரைத்தள வீடென்றால் சுவரில் இடுப்பளவில் பழைய நீர்க்கறை இருக்கிறதா, புதிதாகப் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். பக்கத்து பகாலாவில் பல வருடம் இருப்பவரிடம் 2009இலும் 2022இலும் தண்ணீர் எது வரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். குழந்தைகளோடு இருப்பவர்கள் வாடகை கொஞ்சம் கூடினாலும் முதல் மாடிக்குப் போவது நல்லது. மின்சாரப் பெட்டி தரையை ஒட்டி இருந்தால் உயர்த்தித் தரச் சொல்லுங்கள். தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து இறப்பவர்களும் உண்டு.

வெள்ளத்தில் அதிகம் பேர் இறப்பது வீட்டில் அல்ல, காரில்தான். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சிறிய காரை மிதக்கவிடும். 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். ஜீப் இருக்கிறது என்று துணிந்து இறங்குகிறவர்கள்தாம் இதில் மாட்டுகிறார்கள். முன்னால் போன வண்டி கடந்துவிட்டது என்பதும் கணக்கல்ல, அடுத்த நிமிடம் நீர்மட்டம் வேறு. சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது தெரிந்தால் திரும்பிவிடுங்கள். கார் நின்றுபோய் நீர் ஏறத் தொடங்கினால் மின்சாரக் கண்ணாடி வேலை செய்யும்போதே இறக்கி வெளியேறிவிட வேண்டும். கார் போனால் போகட்டும். சவூதியில் வெள்ளம் ஓடும்போது வாதியைக் கடப்பவர்களுக்கு 5,000 முதல் 10,000 ரியால் வரை அபராதம். அமீரகத்தில் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல்.

வாகன இன்ஷூரன்ஸ் வெறும் மூன்றாம் நபர் காப்பீடாக இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு எடுத்தவர்களும் இயற்கைச் சீற்றம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. 2022 வெள்ளத்துக்குப் பிறகு சேதமடைந்தவர்கள் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என ஜித்தா மாநகராட்சி அறிவித்தது. அதுபோன்ற நேரங்களில் படம் எடுத்து வைத்தவர்களுக்கும் இகாமா, வண்டிப் பத்திரங்களின் நகலைப் போனில் வைத்திருப்பவர்களுக்கும் வேலை சுலபம்.

மழை எச்சரிக்கைகள் போனுக்கு வருகின்றன. ஆனால் முதலில் அரபியில்தான் வரும். வேலைக்குப் போன கணவர் வருவதற்குள், வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சில சொற்களாவது அடையாளம் தெரிய வேண்டும். 'அம்தார் கஸீரா' என்றால் கனமழை. 'ஜரயானுஸ் ஸுயூல்' என்றால் வாதிகளில் வெள்ளம் ஓடுகிறது. 'இன்தார் அஹ்மர்' என்றால் சிவப்பு எச்சரிக்கை, வெளியே கிளம்பக் கூடாது. மக்கா மாகாணம் முழுவதற்கும், ஜித்தா உட்பட, அவசர எண் 911. உம்ராவுக்கு வந்து ஜித்தாவில் இறங்குகிறவர்கள், விமானம் தரையிறங்கிய அன்று சிவப்பு எச்சரிக்கை இருந்தால் மக்கா சாலையில் டாக்ஸி பிடிக்கும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.